பிரேம் இல்லாத குழல்கள்

ஹால்வர்சன் கிராசிங், விஸ்கான்சின்
மார்ச் 9, 1997

வெர்லின் மச்சானுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் துப்பாக்கியைத் திருப்பிக் கொடு.

உன் தங்கையை இன்னும் மண்ணில்கூட வைக்கவில்லை. தரை உறைந்து கிடக்கிறது. பனி இளகித் தோண்டும்வரை ஆர்டிஸின் பெட்டி கல்லறைக் கிட்டங்கியில் காத்திருக்கிறது. அதற்குள் நீ வந்து என் வீட்டில் இப்படி ஒரு வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் மேசையில் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "எங்க மாப்ளே, குடு பாக்கலாம்"னு கேட்டாய். கொடுத்தேன். கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாய். வீட்டுச் செருப்போடு பனியில் ஓடிவந்தேன். கண்ணாடியை இறக்கி நீ சொன்னது இவ்வளவுதான்: "உள்ள போ மாப்ளே, சளி பிடிச்சுக்கும்."

அந்தத் துப்பாக்கியைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் இந்தக் கிறுக்கை எனக்கு ஏற்றிவிட்டவனே நீதான். பிடியும் விசையும் உள்ள பிரேம் ஒன்று. குழல் எத்தனை வேண்டுமானாலும். ஓர் ஆணியைத் தட்டி எடுத்தால் குழல் கழன்று வரும், வேறொன்றை மாட்டினால் அது வேறு துப்பாக்கி. அணிலுக்கு ஒன்று, மானுக்கு ஒன்று, போட்டியில் இரும்புக் கடா உருவத்தைச் சாய்க்க ஒன்று. இப்போது என் அலமாரியில் குழல்களெல்லாம் பிளானல் துணியில் சுற்றிக் கிடக்கின்றன, மாட்டுவதற்கு பிரேம் இல்லை. தண்ணீர்க் குழாய்க் கடை வைத்த மாதிரி இருக்கிறது.

போதாக்குறைக்கு அதில் மாட்டியிருந்தது ஆர்டிஸின் குழல். அவள் அணில் சுடுகிற சின்னக் குழல். அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டாய்.

வியாழக்கிழமை நீ போன் செய்தபோது நான்தான் வைத்துவிட்டேன். பேசினால் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

ஆரின்


பெல் பிரெய்ரி
மார்ச் 16

மாப்பிள்ளைக்கு,

தர மாட்டேன்.

நீ துடைத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறாய். நானும் அங்கேதான் இருந்தேன். முன் கதவைத் தட்டினேன், நீ திறக்கவில்லை. பின்பக்கமாக வந்தேன். பட்டப்பகல். மேசையில் துணியும் இல்லை, எண்ணெய்ப் புட்டியும் இல்லை. துப்பாக்கி மட்டும் உன் கையில் இருந்தது. அடுப்பில் காபி கருகி வீடு முழுக்க நாற்றம். உனக்கு அது மூக்கில் ஏறவே இல்லை. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தாயே, அந்த முகத்தைப் பார்த்துத்தான் கையை நீட்டினேன்.

தங்கை போய்விட்டாள். தங்கை புருஷனையும் கிட்டங்கியில் வைத்துவிட்டு வர எனக்குத் தெம்பில்லை. திருடன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். மான் சீசன் திறக்கும்போது நானே கொண்டுவந்து உன் கையில் தருவேன். அதுவரை அது என் படுக்கையறை அலமாரியில் இருக்கும்.

உன் அழுகையை நிறுத்த ஒரு குழல் அனுப்பியிருக்கிறேன். என் மான் குழல், நீளமானது. நீ ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தாயே, அதுதான். பிரேம் என்றால் ஆயிரத்தெட்டு சட்டம், குழல் என்றால் வெறும் இரும்பு, யாரும் யாருக்கும் தபாலில் அனுப்பலாம். பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி இரண்டு முனையும் மூடிக் கொண்டுபோனேன். தபால் ஆபீஸ் பெண் எடை போட்டுவிட்டு, "உள்ள என்ன இருக்கு?"ன்னு கேட்டாள். "குழாய்"ன்னேன். "குழாய்க்குள்ள குழாயா? பாத்ரூம் ரிப்பேரா?"ன்னாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

துடை. எண்ணெய் போடு. சாப்பிடு. சர்ச் பெண்கள் கொண்டுவந்து அடுக்கியிருக்கிற நூடுல்ஸ் எல்லாம் பிரீசரில் என்னத்துக்கு?

வெர்லின்


ஹால்வர்சன் கிராசிங்
ஏப்ரல் 6

மச்சானுக்கு,

குழல் வந்து சேர்ந்தது. உன் மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு. ஆனால் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். வரிகள் முதல்நாள் வெட்டியது போல இருக்கின்றன. ஒரு புள்ளித் துரு இல்லை. எப்படி வைத்திருந்தாய் இத்தனை வருஷம்? சொல்லித் தொலை.

போன சனிக்கிழமை சுப்பீரியர் ஊரில் துப்பாக்கிச் சந்தை. ஜோலீன்தான் இழுத்துக்கொண்டு போனாள். பெற்ற மகள் சொன்னால் கேட்கவேண்டியிருக்கிறது. ஒரு மேசையில் காபி நிறத்தில் மங்கிப்போன குழல் ஒன்று, ஹார்னெட் என்கிற சின்னத் தோட்டாவுக்கானது, ரப்பர் வளையத்தில் விலைச்சீட்டு கட்டிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், கீல் துளை தேயவில்லை. விற்கிற ஆள் என் கையைப் பார்த்துவிட்டு, "பிரேம் கொண்டாந்தீங்களா? மாட்டிப் பாத்துடலாம், ஆட்டம் இருக்கான்னு தெரியும்"னு சொன்னான். "பிரேம் இல்ல"ன்னேன். "வீட்டுல இருக்கா?" "வீட்டுலயும் இல்ல, மச்சான்கிட்ட இருக்கு." அவன் சிரித்துவிட்டான். "பிரேம் இல்லாம குழல் வாங்கி என்ன பண்ணப் போறீங்க பெரியவரே, ஊதப் போறீங்களா?" ஜோலீனும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே வாங்கிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். எனக்குத் துப்பாக்கிதான் வேண்டும் என்றால் கடைக்குப் போய் வேறு பிரேம் வாங்கியிருக்க முடியாதா? ஊரில் யாரும் தடுக்கப்போவதில்லை. நான் வாங்கவில்லை. அதை நீ யோசித்துப் பார்த்தாயா? நீ வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அதற்குமேல் இதில் எழுத வராது.

மே மூன்றாம் தேதி தோண்டுகிறார்கள். காலை பத்து மணி. நீ வந்தால் என் வீட்டிலேயே தங்கிக்கொள். சண்டையை அதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

ஆரின்


பெல் பிரெய்ரி
மே 12

மாப்பிள்ளைக்கு,

வர முடியவில்லை. கூரையில் ஒழுகல், ஆள் வருவதாகச் சொல்லியிருந்தான். மழைக்கு முன்னால் முடித்தாகவேண்டும். பூ அனுப்பச் சொல்லியிருந்தேனே, வந்ததா?

எண்கோணக் குழல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கம்பெனிக்காரன் ஆரம்ப காலத்தில் செய்தது, இப்போது கண்ணில் படுவது அபூர்வம். எனக்கு ஒற்றைக் கண் மங்கிவிட்டது. குழல் நுனியில் இருக்கிற குறி இரண்டாகத் தெரிகிறது. சுடுகளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போனவாரம் அங்கே இருந்தது நானும் இன்னொரு கிழவனும்தான். இரும்புக் கோழியையும் பன்றியையும் நிறுத்திவைக்க ஆள் இல்லை. நாங்களே நடந்து போய் நிறுத்தி, நடந்து வந்து சுட்டு, திரும்ப நடந்து போய் நிமிர்த்தினோம். பாதியில் அவன், "போதும்யா, டயர்டா இருக்கு"ன்னு கிளம்பிவிட்டான். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிரேம் பத்திரமாக இருக்கிறது.

வெர்லின்


ஹால்வர்சன் கிராசிங்
ஜூன் 8

மச்சானுக்கு,

கூரை ஒழுகுகிறதாம், கூரை. கூடப்பிறந்தவளைக் குழியில் இறக்கும்போது கூரைக்கு ஆள் வருகிறானாம். எல்லோரும் "அண்ணன் எங்க, அண்ணன் எங்க"ன்னு என்னைத்தான் கேட்டார்கள். பாதிரியார் கூட ஐந்து நிமிஷம் காத்திருந்து பார்த்தார். நான் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை உனக்கு எழுதாமல் விடலாம் என்றுதான் ஒரு மாதம் பேனாவைத் தொடவில்லை. முடியவில்லை, எழுதிவிட்டேன்.

எழுதியாயிற்று. இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

எண்கோணக் குழல்! மச்சான், இதைக் கொடுக்க உனக்கு மனசு எப்படி வந்தது? பட்டையாகத் தேய்த்த எட்டு முகமும் நேர்க்கோடு. நீலப் பூச்சு ஓரிடத்திலும் உரியவில்லை. இதைத் தேடி நான் மிச்சிகன்வரை போய் வெறுங்கையோடு திரும்பியது உனக்குத் தெரியும். அலமாரி இழுப்பறையில் இடம் போதவில்லை, ஆர்டிஸின் தையல் சாமான் இருந்த அடுக்கைக் காலி செய்தேன். காலி செய்யும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. அப்புறம் குழல்களை நீளவாரியாக அடுக்கியதும் மனசு ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஜோலீனோடு மீன் சாப்பிடப் போகிறேன். தக்காளி நட்டிருக்கிறேன். தூக்கம் வருகிறது.

பேராசை பிடித்தவன் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். உன்னிடம் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று எழுதேன், பார்த்தாவது சந்தோஷப்படுகிறேன். உன் ஏழு மில்லிமீட்டர் குழலை மட்டும் கேட்க மாட்டேன். அதை வைத்து நீ கடாக்களை ஒன்றுவிடாமல் சாய்த்த அன்று ஆர்டிஸ் உன் தொப்பியைப் பிடுங்கித் தலைக்கு மேல் எறிந்தாள். அது உன் உயிர் என்று எனக்குத் தெரியும்.

ஆரின்


பெல் பிரெய்ரி
ஆகஸ்ட் 24

மாப்பிள்ளைக்கு,

நீ கேட்காததால் அனுப்புகிறேன். ஏழு மில்லிமீட்டர். கூட இன்னும் இரண்டு.

வீட்டை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கிறேன். தோட்டா நிரப்புகிற கருவி, அச்சுகள், எல்லாவற்றையும் மில்லில் வேலை பார்க்கிற பையன் ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டேன். என் பிரேமையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன், முறைப்படி எழுதி. நாயைப் பக்கத்து வீட்டுக்காரர் வைத்துக்கொள்கிறேன் என்றார். அதற்கும் அங்கே ஓட இடம் இருக்கிறது. வீடு காலியாக இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தால் சத்தம் கேட்கிறது.

எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறேன்.

வெர்லின்


ஹால்வர்சன் கிராசிங்
செப்டம்பர் 2

மச்சான்,

பொட்டலம் வந்த அன்று ஜோலீன் இங்கே இருந்தாள். பிரித்து மேசைமேல் பரப்பினேன். உன்னிடமிருந்து இதுவரை வந்ததையெல்லாம் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். சின்னப் பையன் போல ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். "இது மான் குழல், இது எண்கோணம், இதுதான் உங்க மாமா கடாவச் சாய்ச்சது." அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப மாமாகிட்ட இப்ப என்னப்பா மிச்சம் இருக்கு?"

உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.

என் பிரேம். அதில் ஆர்டிஸின் குழல். உன்னிடம் மிச்சம் அது ஒன்றுதான். உன் அலமாரியில்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் மச்சான்? ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும் துரு இருக்கிறதா, கீல் தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். வந்தவரைக்கும் லாபம் என்று அடுக்கிவைத்தேன். வேறு எவனாவது, குழல் சேர்க்கிற புத்தி இல்லாத எவனாவது, இரண்டாவது பொட்டலத்திலேயே கேட்டிருப்பான். ஏழு மில்லிமீட்டரை ஒருத்தன் சும்மா கொடுப்பானா? நாயைக் கொடுப்பானா?

சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நேராகக் கேட்கிறேன். சாகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா?

கோபித்துக்கொள். திட்டி எழுது. ஆனால் இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் அந்தப் பிரேமை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போ. உங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடையில் கொடு. இரும்புப் பெட்டகத்தில் வைக்கச் சொல். எனக்கு அது வேண்டாம். இனி எப்போதும் வேண்டாம் என்றாலும் சரி.

போன் செய்து பார்த்தேன், நீ எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உன் குரலோ எழுத்தோ வராவிட்டால் ஷெரீப்பைக் கூப்பிட்டு உன் வீட்டுக் கதவைத் தட்டச் சொல்வேன். மானம் போகிறது என்று குதிக்காதே.

ஆரின்


பெல் பிரெய்ரி
செப்டம்பர் 6

ஆரின்,

ஷெரீப் ஆள் வந்துவிட்டுப் போனான். உன் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடும் போல. சின்னப் பையன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சார், உங்க மச்சான் கவலைப்படுறாரு"ன்னு வாசலில் நின்றான். காபி போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் திரைச்சீலை விலகியது. ஊர் முழுக்க இப்போது செய்தி.

நேற்றே உன் கடிதம் வந்துவிட்டது. பைத்தியமா உனக்கு என்று ஒரு பதில் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஆமாம். நினைத்தேன். எப்போதிலிருந்து என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

சர்ச்சில் இரங்கல் ஆராதனை முடிந்து நான் இங்கே திரும்பி வந்தேன் இல்லையா. உன் வீட்டில் பிரீசர் மூடவில்லை, அவ்வளவு சாப்பாடு. அது சரிதான், பெண்டாட்டி போனவனுக்குக் கொண்டுவருவார்கள். அண்ணனுக்கு யாரும் கொண்டுவருவதில்லை. அப்படி ஒரு வழக்கம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை எல்லோரையும் போல ஹோட்டலுக்கு மீன் சாப்பிடப் போனேன். மில் ஆட்களெல்லாம் இருந்தார்கள். "தங்கச்சியா? அடடா, பாவம். மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" ஒவ்வொருத்தனும் இதையே கேட்டான். இருக்காரு, இருக்காரு என்று சொல்லிவிட்டு வந்தேன். நானும் உன்னைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னைக் காப்பாற்றுகிற வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது. அது இருந்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். நீ தக்காளி நட்டிருக்கிறேன் என்று எழுதினாய் பார், அன்றைக்கு அந்த வேலையும் முடிந்துபோயிற்று.

அம்மா பால் கறக்கப் போகும்போது ஆர்டிஸை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். நீ வருவதற்கு ரொம்ப முன்னால். கூரை ஒழுகவில்லை. அவளை மண்ணில் இறக்குவதைப் பார்க்க முடியாது என்று காரில் ஏறி, வாசல் தாண்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் வீட்டிலிருந்து ஆபத்தை எடுத்துவந்துவிட்டதாக நினைத்து அதை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இதற்கு நீ சிரிக்கலாம்.

அந்தப் பையன் காபி குடித்து முடிக்கும்வரை யோசித்தேன். அப்புறம் அவனையே கூட அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். குழலைக் கழற்றிக்கொண்டு பிரேமைக் கொடுத்தேன். கடைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டகத்தைத் திறந்தான். உள்ளே ஏற்கெனவே வேறு சிலருடையது பெயர் எழுதித் தொங்குகிறது. "எப்ப வேணும்னாலும் வந்து பேசுங்க. பேசத்தான் சொன்னேன், எடுக்க இல்ல"ன்னான். நல்ல மனுஷன். ஆனால் நல்ல மனுஷனை ஏமாற்ற எனக்குத் தெரியும் ஆரின், உனக்கு இதை மறைத்துப் பயனில்லை.

ஆர்டிஸின் குழல் மட்டும் இங்கே மேசையில் இருக்கிறது. அது வெறும் இரும்பு. அதை என்னிடமிருந்து கேட்காதே.

வெர்லின்


ஹால்வர்சன் கிராசிங்
செப்டம்பர் 9

வெர்லின் மச்சானுக்கு,

கேட்க மாட்டேன். அவள் எனக்குப் பெண்டாட்டியாவதற்கு முன்னால் உனக்குத் தங்கை. வைத்துக்கொள்.

நான் உனக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கவேண்டும். நீ வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று முதலில் வந்தது கோபம் இல்லை என்று எழுதி நிறுத்தியிருந்தேன். அப்பாடா என்று இருந்தது. பனியில் வீட்டுச் செருப்போடு நின்றுகொண்டு, அப்பாடா, போய்விட்டது என்று நினைத்தேன். அன்று துணியும் இல்லை, எண்ணெயும் இல்லை. நீ சொன்னதுதான் சரி.

உனக்குச் சாப்பாடு கொண்டுவர யாரும் இல்லை என்று எழுதியதை ஜோலீனிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நாளைக்கே போலாம்பா"ன்னு சொன்னாள். வியாழக்கிழமை வருகிறோம். டூனா மீன் போட்ட நூடுல்ஸ்தான், அவளுக்கு அது ஒன்றுதான் செய்யத் தெரியும். தட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம்.

ஆரின்


பெல் பிரெய்ரி
செப்டம்பர் 21

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் வந்துபோனது நல்லது. ஜோலீன் ஜாடையில் அவள் அம்மாவேதான், பாத்திரம் கழுவும்போது பின்னாலிருந்து பார்க்க முடியவில்லை. நாய் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. டாக்டரிடம் போகச் சொன்னாய், போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறான். வாய் காய்கிறது.

போகும்போது நீ கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியம் பண்ணு மச்சான்"னு கேட்டாய். நான் பண்ணவில்லை. அது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். காப்பாற்ற முடியுமா என்று தெரியாத சத்தியத்தை உனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுகிறேன். புதன்கிழமைக்குள் உனக்கு வந்துவிடும். வராவிட்டால் போன் செய்யாதே, ஷெரீப்பைக் கூப்பிடாதே. நீ கிளம்பி வா.

வெர்லின்


பெல் பிரெய்ரி
அக்டோபர் 19

மாப்பிள்ளைக்கு,

இந்த வாரம் ஒன்றும் இல்லை. இலை எல்லாம் கொட்டிவிட்டது. பட்டாணி சூப் வைத்தேன், உப்பு கூடிவிட்டது. துப்பாக்கிக் கடைப் பக்கம் போனேன், உள்ளே போகவில்லை. கண்ணாடி வழியாகக் கடைக்காரன் பார்த்துக் கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

வெர்லின்


பெல் பிரெய்ரி
நவம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

முதல் பனி. மான் சீசனுக்கு அங்கே வரச் சொல்லி எழுதியிருக்கிறாய். உன் வீட்டில் எனக்கு ஒரு கட்டில், ஜோலீன் சமையல், சுடவேண்டாம் சும்மா காட்டில் கூட உட்கார்ந்திரு என்று. யோசிக்கிறேன். கடைக்குப் போய்ப் பேசினேன். "சீசன் வருதே, உங்க பிரேம் வேணுமா?"ன்னு அவன் சும்மா கேட்டானா, சோதித்தானா தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

நாய் சாப்பிடுகிறது. நானும்.

வெர்லின்


(தபால் அட்டை)
வழியில், நவம்பர் 21

மச்சான்,

புதன் போய், வியாழன் போய், இன்று மதியம்வரை தபால்பெட்டியில் கை விட்டுப் பார்த்துவிட்டேன். உன் கடிதம் இல்லை. செவ்வாயன்று இங்கே பெரிய பனி, தபால் வண்டி எங்காவது நின்றிருக்கலாம். உனக்கு வெறும் சளியாக இருக்கலாம். தெரியும். ஆனாலும் நீ சொன்னது சொன்னது. போன் செய்யவில்லை, யாரையும் கூப்பிடவில்லை, கிளம்பிவிட்டேன்.

நாளைக்கு மான் சீசன் திறக்கிறது. வேட்டைக்கு ஆரஞ்சுச் சட்டை போட்ட மாநிலம் முழுக்க வடக்கே போய்க்கொண்டிருக்கிறது, நான் ஒருத்தன் தெற்கே வருகிறேன். பெட்ரோல் பங்கில் எதிரே நின்ற ஒருத்தன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "பெருசு, வழி மாறிட்டீங்க, மான் எல்லாம் அந்தப் பக்கம்"னு கை காட்டினான். கூட வந்த ஜோலீன் அவனுக்கு ஏதோ சொன்னாள், எனக்குக் காதில் விழவில்லை. தொடையில் வைத்து எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

இந்த அட்டையை இங்கேயே பெட்டியில் போடுகிறேன். நான் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இது வரும். வேண்டுமென்றே போடுகிறேன். தபால்காரன் வரும்போது நீ எழுந்து வாசலுக்குப் போய் இதை எடுத்துவந்து, "இங்க என் முன்னாடி குந்திக்கிட்டு எனக்கே லெட்டர் போட்டிருக்கியே மாப்ளே, புத்தி கெட்டுப்போச்சா?"ன்னு என்னைத் திட்டவேண்டும். அதைக் கேட்கத்தான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆரின்